லெட்டரில் என்ன வார்த்தை போடுவது?

குழு: கூடல் நகர் குறுக்குத் தெரு

சேகர் (செயலாளர்): எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் 23 சைகை மொழி தினக் கூட்டம் முடிவாகிவிட்டது. மேடையில் பேசுவதைச் சைகை மொழியில் சொல்ல ஆள் வைக்கும் செலவை ஏற்கச் சொல்லி பைபாஸ் ரோட்டுக் கம்பெனிக்கு லெட்டர் எழுதியிருக்கிறேன், அவர்களுடைய மெயின் ஆபீஸ் பெங்களூரில் இருப்பதால் இங்கிலீஷில் வேண்டுமாம். "டெஃப் அண்ட் டம்ப் பீப்பிள் ஆஃப் அவர் ஏரியா" என்று, அதாவது நம் ஏரியாவின் காது கேளாத, வாய் பேசாத மக்கள் என்று ஆரம்பிக்கிறது. திருத்தம் இருந்தால் இன்று ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள்.

லதா டீச்சர்: சார், "டம்ப்" கண்டிப்பாக வேண்டாம். "டெஃப்" என்பதே முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. "ஹியரிங் இம்பேர்டு", அதாவது கேட்கும் திறனில் குறைபாடு உள்ளவர்கள் என்று போடுங்கள், ஸ்கூல் படிவங்களில் எல்லாம் அப்படித்தான் எழுதுகிறோம், அதுதான் மரியாதை.

முத்து (மாடி வீடு): "டிஃபரன்ட்லி ஏபிள்டு" போடலாமே? மாற்றுத்திறனாளிக்கு அதைத்தானே சொல்கிறார்கள்.

தேவி அக்கா: சேகர் அண்ணே, அனுப்புவதற்கு முன்னால் இங்கே போட்டது ரொம்ப நல்லதாகப் போயிற்று. டம்ப் வேண்டாம் என்று டீச்சர் சொன்னது சரி. அந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் முட்டாள் என்றும் அர்த்தம் இருக்கிறது, அதோடு அது உண்மையும் இல்லை, நம் தெருக் கதிருக்குத் தொண்டையில் எந்தக் கோளாறும் கிடையாது, காதில் விழாததால் பேச்சு பழகவில்லை, அவ்வளவுதான். அவன் பேசுவது கையால். ராத்திரி மொட்டை மாடிக்கு வந்து பாருங்கள், போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு வீடியோ காலில் சிநேகிதர்களோடு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பான், இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனைக் கையில் பிடிப்பதே இல்லை. அவனைப் பேசாதவன் என்று எப்படி எழுதுவது?

தேவி அக்கா: ஆனால் டெஃப் என்பதை எடுக்காதீர்கள். நமக்குத்தான் அது கடுமையாகப் படுகிறது, அவர்களுக்கு அப்படி இல்லை. 1951இல் ரோமில் தொடங்கிய உலக அமைப்பின் பெயரே வேர்ல்ட் ஃபெடரேஷன் ஆஃப் தி டெஃப். அது தொடங்கிய நாள்தான் செப்டம்பர் 23, அதனால்தான் ஐ.நா. அந்தத் தேதியைச் சைகை மொழி தினமாக அறிவித்தது, 2018லிருந்து கொண்டாடுகிறார்கள். ஹியரிங் இம்பேர்டு வேண்டாம், டெஃப் என்றும், கேட்பது குறைந்தவர்களை ஹார்ட் ஆஃப் ஹியரிங் என்றும் சொல்லுங்கள் என்று அந்த அமைப்பு 1991லேயே முடிவு செய்துவிட்டது.

லதா டீச்சர்: ஏன் தேவி, அதில் என்ன தப்பு? டாக்டர்களே அப்படித்தானே எழுதுகிறார்கள்.

தேவி அக்கா: டாக்டர் காதைப் பார்த்து எழுதுகிறார் டீச்சர், அவருக்கு அது சரி. ஆளையே அப்படிக் கூப்பிட்டால், காது கேட்கிற நம்மை அளவாக வைத்து இவர்களைப் பழுதானவர்கள் என்று சொன்ன மாதிரி ஆகிறது. நமக்கு எப்படித் தமிழோ அப்படி அவர்களுக்கு ஒரு மொழி இருக்கிறது, அதில் சண்டை, கேலி, தாலாட்டு, ஊர்க்கதை எல்லாம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா.வின் 2006 உடன்படிக்கையில் 30ஆவது பிரிவு சைகை மொழிகளையும் "டெஃப் கல்ச்சர்" என்பதையும் அங்கீகரிக்கச் சொல்கிறது, 2007இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதிலேயே டெஃப் என்று இருக்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

ராஜேந்திரன் ஐயா: அம்மா தேவி, நானும் காதில் மிஷின் மாட்டுகிறேன். என்னையும் டெஃப் என்றா எழுதப்போகிறீர்கள்? எனக்குச் சைகை மொழி ஒன்றும் தெரியாதே. ரிட்டையர் ஆனதற்கு அப்புறம்தான் கேட்பது குறைந்தது.

தேவி அக்கா: இல்லை ஐயா, நீங்கள் ஹார்ட் ஆஃப் ஹியரிங். நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் டெஃப், 60லிருந்து 70 வரை ஹார்ட் ஆஃப் ஹியரிங். கூட்டத்தில் உங்களுக்கு வேண்டியது நல்ல மைக்கும் திரையில் எழுத்தும், கதிருக்கு வேண்டியது சைகை மொழி. லெட்டரில் இரண்டு பேரையும் தனித்தனியாகச் சொன்னால்தான் கம்பெனிக்காரர்களுக்கு எதற்குப் பணம் கேட்கிறோம் என்றே புரியும்.

ராஜேந்திரன் ஐயா: சரிம்மா. அந்த வார்த்தை எனக்குச் சம்மதம்.

முத்து (மாடி வீடு): அக்கா, காலேஜில் "பர்சன் வித்" என்று ஆளை முதலில் வைத்து எழுதச் சொல்லித் தந்தார்கள். அப்போது "பர்சன் வித் டெஃப்னெஸ்" என்று வருமா?

தேவி அக்கா: மற்ற பலருக்கு அது பிடிக்கும், சட்டமும் "பர்சன்ஸ் வித் டிசபிலிட்டீஸ்" என்றுதான் சொல்கிறது. ஆனால் இவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படி எழுத மாட்டார்கள், டெஃப் பர்சன், டெஃப் பீப்பிள், டெஃப் கம்யூனிட்டி என்பார்கள். டிஃபரன்ட்லி ஏபிள்டும் வேண்டாம் முத்து, தமிழில் மாற்றுத்திறனாளி என்பது மரியாதையாக நிலைத்துவிட்டது, இங்கிலீஷில் அது மழுப்பலாக இருக்கிறது, யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

முத்து (மாடி வீடு): கதிர் அண்ணனும் குரூப்பில்தானே இருக்கிறார், அவரையே கேட்டுவிடலாமே.

தேவி அக்கா: அதுதான் சரி. கதிர், நீ சொல்லுடா.

கதிர்: கடையில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. டெஃப் போடுங்கள், எனக்குச் சந்தோஷம். அண்ணே, இரண்டாவது பாராவில் "நார்மல் பீப்பிள்" என்று இருக்கிறது. அதை மாற்றுங்கள், ப்ளீஸ். அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

சேகர் (செயலாளர்): அதற்குப் பதில் என்ன போட வேண்டும் தம்பி?

கதிர்: "ஹியரிங் பீப்பிள்". நாங்கள் உங்களை அப்படித்தான் சொல்வோம். நாங்கள் டெஃப், நீங்கள் ஹியரிங். இரண்டு பேரும் நார்மல்.

லதா டீச்சர்: கதிர், இதை நீ சொன்ன பிறகு எனக்கு வேறு பேச்சு இல்லைப்பா. மூன்றாவது பாராவில் "சஃபரிங் ஃப்ரம் டெஃப்னெஸ்" என்றும் இருக்கிறது சார், அதையும் எடுத்துவிடுங்கள். "சைன் ஹெல்ப்பர்" என்பது "இந்தியன் சைன் லாங்குவேஜ் இன்டர்பிரட்டர்" என்று வர வேண்டும். அது படித்துப் பயிற்சி எடுத்துச் செய்கிற வேலை, ஹெல்ப்பர் என்று போட்டால் சம்பளத்தையும் குறைத்துவிடுவார்கள்.

முத்து (மாடி வீடு): டெஃப் என்பதில் முதல் எழுத்து கேப்பிட்டலா, ஸ்மாலா? நெட்டில் இரண்டு விதமாகவும் இருக்கிறது.

தேவி அக்கா: 1972இல் ஜேம்ஸ் உட்வர்ட் என்ற மொழியியல்காரர் ஆரம்பித்து வைத்தது அது. கேப்பிட்டல் டி என்றால் சைகை மொழி பேசி அந்தச் சமூகத்தோடு வாழ்கிறவர்கள், ஸ்மால் டி என்றால் காது கேட்காத நிலை மட்டும். இப்போது பலர் யார் எந்தப் பக்கம் என்று நாம் பிரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் ஸ்மாலே போடுகிறார்கள்.

கதிர்: என்னைப் பற்றி எழுதினால் கேப்பிட்டல் போடுங்கள். கூட்டத்துக்கு வருகிற எல்லோரையும் எனக்குத் தெரியாது, அதனால் லெட்டரில் ஸ்மால் போதும்.

சேகர் (செயலாளர்): சரி, எல்லாம் மாற்றிவிட்டேன். "டெஃப் அண்ட் ஹார்ட் ஆஃப் ஹியரிங் ரெசிடென்ட்ஸ் ஆஃப் அவர் ஏரியா" என்று ஆரம்பிக்கிறது. கடைசியில் கதிரின் அடையாள அட்டை விவரம் வருகிற இடத்தில் மட்டும் "ஹியரிங் இம்பேர்மென்ட்" என்று இருக்கிறது, அதை என்ன செய்வது?

தேவி அக்கா: அது அப்படியே இருக்கட்டும் அண்ணே. அட்டையில் அச்சடித்திருக்கும் வார்த்தை, மாற்றினால் சரிபார்க்கும்போது சிக்கல் வரும்.

சேகர் (செயலாளர்): ஆகட்டும். காலையில் லெட்டர் பேடில் பிரின்ட் போடுகிறேன். கொண்டுபோய்க் கொடுக்க யார் வருகிறீர்கள்?

கதிர்: நான் வருகிறேன். பத்து மணிக்கு. முத்துவும் வரட்டும், அவனுக்கு 40 சைகை தெரியும்.

முத்து (மாடி வீடு): வருகிறேன் அண்ணே, வண்டி என்னிடம் இருக்கிறது.