தீபாவளிக்கு முன்னாடி கடைக்கு கார்டு மெஷின் போடணும், யார்கிட்ட எடுக்கிறது?

வளையல்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்ல ஒரு கடைவீட்டுல முன்பக்கம் மட்டும் வாடகைக்கு எடுத்து நானும் தங்கச்சியும் கடை நடத்துறோம், ரெண்டு வருஷம் ஆச்சு. பிளவுஸ் தைக்கிறது, ஆரி வேலை, கூடவே வளையல் பொட்டு கவரிங் செட்டுன்னு சில்லறை சாமான். இதுவரைக்கும் ரொக்கமும் பேநவ்வும்தான் (போன்லேர்ந்து பேங்க்குக்கு நேரா காசு அனுப்புறது) வாங்குறோம், அதுவே போதும்னு இருந்தோம். போன ஞாயித்துக்கிழமை ஜொகூர்லேர்ந்து ஒரு அம்மா மருமகளோட வந்து ரெண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்து 240 வெள்ளிக்கு (டாலர்) எடுத்து வச்சாங்க, கார்டு வாங்க மாட்டோம்னு தெரிஞ்சதும் ஏடிஎம் போயிட்டு வர்றோம்னு கிளம்பினவங்க திரும்பி வரல. தங்கச்சிக்கு ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு, எனக்கும்தான்.

மூணு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன். ஒரு ஆன்லைன் கம்பெனி மாச வாடகை எதுவும் கிடையாதுன்னாங்க, ஆனா ஒவ்வொரு பில்லுக்கும் 3.4 பெர்சென்ட், அதுக்கு மேல 50 காசு. ஒரு பேங்க்ல 2.2 பெர்சென்ட், மெஷின் வாடகை மாசம் 35 வெள்ளி, ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணுமாம். மூணாவதா ஒரு ஏஜெண்ட் கடைக்கே வந்தார், பில் போடுற மெஷினோட சேர்த்துத் தர்றாராம், ரேட்டு எவ்வளவுன்னு கேட்டா முதல்ல ஃபாரம் நிரப்புங்க அக்கா நல்ல ரேட்டா வாங்கித் தர்றேங்கிறார். எங்க கடையில பில்லு ஒரே மாதிரி வராது, வளையல் வாங்குறவங்க 12 வெள்ளி, பிளவுஸ்னா 180, 200. எது எங்களுக்குச் சரிவரும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஈசூன் கணக்குப்பிள்ளை:

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுறதுதான் என் வேலை, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். பெர்சென்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க, உங்க பில்லு சைஸைப் பாருங்க. அந்த 50 காசு பார்க்கத்தான் சின்னது. 12 வெள்ளி வளையலுக்கு 3.4 பெர்சென்ட்னா 41 காசு, அதோட 50 காசு சேர்த்தா 91 காசு, அதாவது உங்க பில்லுல ஏழரை பெர்சென்ட் போயிடுது, வளையல்ல உங்களுக்கு என்ன லாபம் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். அதே ரேட்டு 180 வெள்ளி பிளவுஸுக்கு 6 வெள்ளி 62 காசு, 3.7 பெர்சென்ட் கூட வரல. ஒரே கம்பெனி, ஒரே ரேட்டு, ஆனா சில்லறை சாமானுக்கு ரெண்டு மடங்கு பிடிக்குது.

இப்ப மாசக் கணக்குக்கு வருவோம். கார்டுல மாசம் 4000 வெள்ளி, 120 பில்லுன்னு வச்சுக்குங்க. ஆன்லைன் கம்பெனின்னா 136 வெள்ளியோட 60 வெள்ளி, மொத்தம் 196. பேங்க்னா 88ம் வாடகை 35ம் சேர்ந்து 123. பேங்க்தான் லாபம். ஆனா கார்டுல மாசம் 1000 வெள்ளிதான், அதுவும் பத்தே பில்லுன்னா ஆன்லைன்ல 39 வெள்ளி, பேங்க்ல 57. அப்ப தலைகீழாயிடுது, ஏன்னா யாவாரம் இருந்தாலும் இல்லாட்டியும் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். அதனால மெஷின் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் நோட்டுல குறிச்சு வைங்க, கார்டு இருக்கான்னு கேட்டவங்க எத்தனை பேரு, எவ்வளவு பில்லு, உள்ளூரா வெளியூரான்னு. இதைச் செய்யாம மெஷின் எடுத்துட்டு என்கிட்ட வர்றவங்கதான் நிறைய, வருத்தமா இருக்கும்.

வெளியூர்னு சொன்னேன்ல, அது முக்கியம். நீங்க கட்டுற அந்தப் பெர்சென்ட் மூணு இடத்துக்குப் பிரிஞ்சு போகுது, கார்டு குடுத்த பேங்க்குக்கு ஒரு பங்கு, விசா மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்கு ஒரு பங்கு, உங்களுக்கு மெஷின் தர்ற கம்பெனிக்கு மிச்சம். வெளிநாட்டு கார்டுன்னா முதல் ரெண்டு பங்கும் கூடும். அதனால ஜொகூர் அம்மாவோட மலேசியா கார்டுக்கு 2.2 இருக்காது, உள்ளூர் கார்டுக்கு எவ்வளவு, வெளிநாட்டு கார்டுக்கு எவ்வளவு, அமெக்ஸுக்கு (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு) எவ்வளவுன்னு தனித்தனியா எழுத்துல வாங்குங்க.

அந்த மூணாவது ஏஜெண்ட் விஷயத்துல நான் கண்டிப்பா சொல்வேன், ரேட்டைச் சொல்லாதவர்கிட்ட கையெழுத்து போடாதீங்க. கம்பெனி பேரைக் கேட்டு எம்ஏஎஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) வெப்சைட்ல நிதி நிறுவனங்கள் பட்டியல்ல தேடிப் பாருங்க. 2020 ஜனவரி 28லேர்ந்து பேமென்ட் சர்வீசஸ் சட்டம் அமல்ல இருக்கு, பேங்க் இல்லாதவங்க இந்தத் தொழிலைச் செய்யணும்னா லைசென்ஸ் வேணும். லைசென்ஸ்லயும் பெரிசு சின்னதுன்னு உண்டு, பெரிய லைசென்ஸ் வச்சிருக்கவங்க உங்க காசைத் தனியா பாதுகாத்து வைக்கணும்னு விதி இருக்கு, சின்ன லைசென்ஸுக்கு அது கிடையாது. உங்க தீபாவளி வசூல் ரெண்டு மூணு நாள் அவங்க கையிலதான் நிக்கப் போகுது, அதனால இதைப் பார்த்தே ஆகணும்.

பந்தல்தம்பி:

அக்கா, நாங்க கல்யாண மேடை அலங்காரம் பண்றோம், கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா எனக்கு அடி விழுந்தது ரேட்டுல இல்ல. நீங்க பிளவுஸுக்கு முன்பணம் வாங்குவீங்கதானே? தச்சுக் குடுக்க மூணு வாரம் ஆகும்தானே? அப்ப இதைப் படிங்க. எங்களுக்கு சாதாரண மாசத்துல கார்டுல வர்றது கம்மி, கல்யாண சீசன்ல மட்டும் திடீர்னு மேல போகும். ஒரு வருஷம் ஒரே வாரத்துல ஆறு கல்யாணத்துக்கு முன்பணம் கார்டுல வாங்கினேன், மறுநாள் பார்த்தா நாங்க வச்சிருந்த கம்பெனி அக்கவுண்டை நிறுத்தி வச்சுட்டாங்க. வழக்கத்தைவிட வசூல் கூடுதலா இருக்கு, வேலை முடிஞ்சதுக்கு ஆதாரம் காட்டுன்னாங்க. வேலையே இன்னும் நடக்கல, எதைக் காட்டுறது? பூக்காரருக்குக் குடுக்கக் கையில காசு இல்ல, அம்மாவோட நகையை அடகு வச்சுத்தான் அந்தச் சீசனை ஓட்டினேன். நாலு வாரம் கழிச்சு காசு முழுசா வந்துச்சு, ஒரு காசு குறையல, ஆனா அந்த நாலு வாரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அவங்க பக்கம் காரணம் இருக்குன்னு பிறகுதான் புரிஞ்சுது. வாங்கினவர் சாமான் வரலன்னு அவரோட பேங்க்ல புகார் குடுத்தா காசைத் திருப்பிப் பிடிப்பாங்க, சார்ஜ்பேக்னு பேரு. விசா மாஸ்டர்கார்டுல பெரும்பாலான புகாருக்கு 120 நாள் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள நம்ம கடையை மூடிட்டா நஷ்டம் மெஷின் குடுத்தவனுக்கு, அதனால முன்பணம் வாங்குற தொழில்னாலே அவங்களுக்கு பயம். நீங்க செய்ய வேண்டியது, சேரும்போதே பிளவுஸுக்கு முன்பணம் வாங்குவோம், தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மாசம் வசூல் இத்தனை மடங்கு கூடும்னு எழுத்துல சொல்லிடுங்க. மறைச்சு சேர்ந்தாத்தான் பிறகு பிரச்சனை. அளவு எடுத்த சீட்டு, துணி போட்டோ, டெலிவரி எடுத்தப்ப கையெழுத்து எல்லாம் பத்திரமா வைங்க, புகார் வந்தா பதில் குடுக்க ரொம்ப நாள் தர மாட்டாங்க.

தேக்கா பெரியவர்:

நான் இந்த வட்டாரத்துல முப்பது வருஷமா மளிகைக் கடை வச்சிருக்கேன் பிள்ளைங்களா. விசா மாஸ்டர் எல்லாம் சரி, நெட்ஸை விட்டுடாதீங்க, உள்ளூர் ஏடிஎம் கார்டுலயே கடையில கட்டுற வழி அது. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூணு பேங்க்கும் சேர்ந்து வச்சிருக்கது, எண்பதுகள்லேர்ந்து இருக்கு. வயசானவங்க நிறைய பேருக்கு கிரெடிட் கார்டு கிடையாது, பேநவ்வும் பழக்கமில்ல, ஆனா ஏடிஎம் கார்டுல நெட்ஸ் போடத் தெரியும். பேத்திக்கு வளையல் வாங்குறது அந்தப் பாட்டிதானம்மா. கட்டணமும் கிரெடிட் கார்டு அளவுக்கு இருக்காது, எங்க கடையில அரிசி மூட்டைக்கு நான் நெட்ஸ் இருக்கான்னுதான் முதல்ல கேட்பேன். நீங்க எடுக்கிற மெஷின்ல நெட்ஸும் சேர்ந்து ஓடுமான்னு கேளுங்க, ஒரே மெஷின்ல ரெண்டும் ஓடுனா மேசையில இடம் மிச்சம்.

இன்னொண்ணு, கியூஆர் ஸ்டிக்கரைக் கடைக்கு வெளியே தூண்ல ஒட்டாதீங்க. அது மேல வேற ஸ்டிக்கரை ஒட்டிட்டா காசு யாருக்குப் போகுதுன்னே தெரியாது. கூட்ட நேரத்துல போனைக் காட்டி அனுப்பிட்டேன்னு சொல்றவங்க ஸ்கிரீனை நம்பாதீங்க, உங்க போன்ல சத்தம் வந்தாத்தான் பையைக் குடுங்க.

வளையல்பெட்டி:

கண்ணு கலங்கிடுச்சு, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருக்கீங்க. தம்பி, உங்க அம்மா நகையை மீட்டாச்சா? எங்களுக்கு இந்த முன்பண விஷயம் தோணவே இல்ல. இன்னும் மூணு சந்தேகம். இந்தியாவுலேர்ந்து வர்றவங்க யூபிஐ இருக்கான்னு கேட்கிறாங்க, பேநவ்வும் யூபிஐயும் சேர்ந்தாச்சே நீங்க ஏன் வாங்க மாட்டேங்கிறீங்கன்னு சண்டைக்கே வர்றாங்க. ரெண்டாவது, கார்டுல கட்டுறவங்ககிட்ட மட்டும் 3 பெர்சென்ட் கூட வாங்கலாமா, பக்கத்துல சில கடையில வாங்குறாங்க. மூணாவது, மலேசியா ஆர்டருக்கு சிலபேர் கார்டு நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமான்னு கேட்கிறாங்க.

பந்தல்தம்பி:

மீட்டாச்சு அக்கா, அம்மா இப்ப போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

ஈசூன் கணக்குப்பிள்ளை:

யூபிஐ பத்தி. 2023 பிப்ரவரி 21ல பேநவ்வையும் யூபிஐயையும் இணைச்சாங்க, ஆனா அது ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஊருக்கு ஊர் பணம் அனுப்புற வழி, கடையில சாமான் வாங்குறதுக்குன்னு வந்தது இல்ல. அதனால உங்க பேநவ் ஸ்டிக்கரை அவங்க இந்தியா ஆப்ல ஸ்கேன் பண்ணிக் கட்டலாம்னு நினைச்சுக்காதீங்க. கடையில யூபிஐ வாங்கணும்னா அந்த வசதியைத் தர்ற கம்பெனிகிட்ட தனியா கேட்கணும்.

கூடுதலா 3 பெர்சென்ட் வாங்குறது, பெரும்பாலும் நீங்க கையெழுத்து போடுற கான்ட்ராக்ட்லயே கூடாதுன்னு போட்டிருக்கும். பக்கத்துக் கடை பண்றாங்கன்னு நீங்க பண்ணாதீங்க, ஒரு புகார் போனா உங்க மெஷின் போயிடும். குறைஞ்சது 20 வெள்ளிக்கு வாங்கினாத்தான் கார்டுன்னு அட்டை மாட்டுறதும் அப்படித்தான், கான்ட்ராக்டைப் படிச்சுட்டு மாட்டுங்க. விலை வைக்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்து வைக்கிறதுதான் முறை.

கார்டு நம்பரை வாட்ஸ்அப்ல வாங்கவே வாங்காதீங்க, நோட்டுலயும் எழுதி வைக்காதீங்க. பேமென்ட் லிங்க் அனுப்புங்க, அவங்களே அதுல போட்டு ஓடிபி குடுத்துக் கட்டட்டும், அப்பத்தான் கார்டு திருட்டுன்னு பிறகு புகார் வந்தாலும் உங்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. கடையில மெஷின் ரிங்கிட்டா வெள்ளியான்னு கேட்டா வாடிக்கையாளரே பார்த்து அமுக்கட்டும், நீங்களா அமுக்காதீங்க. பிறகு, சாமான் திருப்பிக் குடுத்தா கட்டின கட்டணம் திரும்புமா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கான்ட்ராக்டை முறிச்சா எவ்வளவு கட்டணும், இந்த ரெண்டையும் கேட்காம எங்கயும் கையெழுத்து போடாதீங்க.

வளையல்பெட்டி:

தங்கச்சியோட உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நோட்டுல பத்து நாள் குறிச்சதுல கார்டு கேட்டவங்க இருபத்தி மூணு பேரு, பதினாறு பேரு பெரிய பில்லு. பேங்க்ல போய் நெட்ஸும் சேர்த்துக் கேட்டேன், ஒரே மெஷின்ல ஓடுமாம். ரெண்டு வருஷத்தை ஒரு வருஷமாக் குறைக்கச் சொல்லிக் கேட்டதுக்கு யோசிச்சு சொல்றேன்னாங்க, இன்னிக்குக் காலையில பசியாறிட்டு கடையைத் திறக்கும்போதே ஒத்துக்கிட்டதா போன் வந்துச்சு. முன்பணம் வாங்குறதையும் தீபாவளி வசூலையும் எழுத்துல குடுத்துட்டேன். மலேசியா ஆர்டருக்கு மட்டும் அந்த ஆன்லைன் கம்பெனியோட லிங்க் வச்சுக்கப் போறோம், பில்லு பெரிசுங்கிறதால 50 காசு வலிக்காது. பெரியவரே, தூண்ல இருந்த ஸ்டிக்கரை நேத்தே பிச்சுட்டு கல்லா மேசைக்கு உள்பக்கம் ஒட்டியாச்சு.