தூத்துக்குடியில் மூன்று நாள் தங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

எழும்பூர்ப் பயணி:

ஜூலை கடைசி வாரத்தில் அம்மாவுடன் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிக்கு வருகிறேன். திருச்செந்தூர் போகும்போதெல்லாம் இந்த ஊரைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். உப்புக் குவியல், புகைபோக்கி, லாரி, அவ்வளவுதான். இந்த முறை இறங்கி மூன்று நாள் தங்கலாம் என்று நினைத்தால், கேட்டவர்கள் எல்லாரும் அரை நாள் போதும் என்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, சைவம். நான் மீன் சாப்பிடத்தான் வருகிறேன். படகு பிடித்து ஏதாவது ஒரு தீவுக்குப் போக முடியுமா? அம்மாவுக்கு ஒரு முத்து வாங்கித் தரவும் ஆசை. எந்தப் பக்கம் விசாரிக்க வேண்டும்?

கச்சான்:

அரை நாள் போதும் என்று சொன்னவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் இங்கே நாய்கூடத் தெருவுக்கு வராது. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான் இது ஊர். நடுப்பகலில் அறையில் படுத்துத் தூங்குங்கள், அம்மாவின் முழங்காலுக்கும் நல்லது.

முதலில் தேதி. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அந்த நாட்களில் கடற்கரைச் சாலை உங்கள் ரங்கநாதன் தெருவைப் போலிருக்கும், அறை கிடைக்காது. நானாக இருந்தால் கொடியேற்றத்துக்கே வருவேன். மாதாவின் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். திருவிழாவுக்கு வருபவர்களில் யார் எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. என் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிவன் கோயில் தேரும் பார்ப்போம், மாதா சப்பரமும் பார்ப்போம். தங்கத் தேர் எல்லா வருடமும் ஓடாது. 2023இல் ஓடியது, அதை நம்பி வர வேண்டாம். அம்மாவுடன் நெரிசல் முடியாது என்றால் ஒரு வாரம் முந்தி வாருங்கள்.

இன்னொன்று, காற்று. மேற்கே குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூலையில் எங்களுக்குக் கிடைப்பது கச்சான் என்னும் மேல்காற்றும் மணலும்தான். சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தீவு ஆசையை விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது, உல்லாசத்துக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். எங்கள் பக்கத்துத் தீவான விலாங்குசல்லி தண்ணீருக்குள் போயே விட்டது. ஆசைக்குத் துறைமுகத்தின் அருகில் இருக்கும் முயல் தீவுக்குப் போய் வாருங்கள், அதற்குப் படகு வேண்டாம். காணும் பொங்கலன்று ஊரே அங்கேதான் சோற்றுப் பானையோடு உட்கார்ந்திருக்கும்.

முத்து என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். பெயர்தான் முத்துநகர். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. இன்று கடையில் காட்டுவது பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு, அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அம்மாவுக்குச் சங்கு வாங்கிக் கொடுங்கள். இன்றும் இங்கே சங்கு குளிக்கிறார்கள். வங்காளத்துப் பெண்கள் கையில் போடும் சங்கு வளையலுக்கு இந்தக் கடலின் சங்கு போய்க்கொண்டிருக்கிறது.

மீனுக்கு நாள் பார்க்க வேண்டும். ஜூன் 14ஆம் தேதியோடு தடைக்காலம் முடிந்துவிடும் என்பதால் விசைப்படகுகளும் கடலில் இருக்கும். சனிக்கிழமை திரேஸ்புரம் கரைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்படகுகள் பெரும்பாலும் கடலுக்குப் போகாது என்பதால் சனிக்கிழமை வரத்தும் அதிகம், கூச்சலும் அதிகம். சீலா, ஊளி, பாறை, விளைமீன் என்று கரையில் குவிந்து கிடக்கும். நீங்கள் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள், வேடிக்கை பாருங்கள். ஏலம் போகும் நேரத்தில் குறுக்கே நின்று போட்டோ எடுத்தால் திட்டு விழும். சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்ததும் சீலா வறுவல் கேட்பவர் வெளியூர்க்காரர். இன்றைக்கு என்ன மீன் என்று கேளுங்கள். சாளைக் குழம்பு என்று பதில் வந்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். முள்ளுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மக்ரூனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பித் தட்டில் சுழித்துப் பிழிவார்கள். ஒவ்வொன்றும் சின்னச் சங்கு மாதிரி கூராக நிற்கும். தணிந்த சூட்டில் ராத்திரி முழுக்க அடுப்பில் கிடக்கும். கடித்தால் மேலே நொறுங்கும், உள்ளே கரையும், கடைசியில் முந்திரி வாசனை மட்டும் மிஞ்சும். முட்டை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், கவனியுங்கள். என் மனைவியின் சித்தி, சுத்த சைவம், நான்கு தின்றுவிட்டுத்தான் இது எதில் செய்தது என்று கேட்டார். நான் முந்திரி என்றேன். உண்மைதானே. இன்றுவரை வீட்டில் அதற்காகத் திட்டு வாங்குகிறேன்.

ஊருக்குள் பார்க்க: சங்கரராமேசுவரர் கோயில், பக்கத்திலேயே பெருமாள் கோயில். நடை குறைவு, அம்மாவுக்குச் சரியாக இருக்கும். பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணிகளை வெளியே நின்று பார்க்கலாம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி இங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பல் விட்டார். 2011இல் மறுபடி கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், அந்த வருடமே நின்றுபோனது. நான் டிக்கெட் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

விருதுநகர்க்காரன்:

இவ்வளவு எழுதியவர் பரோட்டாவை விட்டுவிட்டாரே. பொரித்த பரோட்டா எங்கள் ஊரிலிருந்து போனது என்பதால் மௌனமோ?

கச்சான்:

நீங்கள் எண்ணெயில் குளிப்பாட்டுகிறீர்கள், நாங்கள் சால்னாவில் குளிப்பாட்டுகிறோம். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி, கேட்டவருடைய அம்மா சைவம்.

வெள்ளைப்பாத்தி:

கச்சான் அண்ணாச்சி உப்பளத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் அம்மா உப்பளத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.

ஜூலையில் வந்தால் உற்பத்தி நடக்கும் காலம், மழைக்கு முன்னால். விடியுமுன் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த வெண்மையை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, வேலை செய்பவர்களே அதற்கு முன்னால் முடிக்கத்தான் இருட்டில் கிளம்புகிறார்கள். பாத்தியின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். தண்ணீரின் மேல் பாலாடை போல ஒரு மெல்லிய தகடு படர்ந்திருக்கும். காற்று லேசாக அசைத்தால் உடைந்து அடியில் போய் உட்காரும். அதுதான் உப்பு.

கரையில் நிற்கலாம், பாத்திக்குள் இறங்காதீர்கள். தலையில் உப்புக் கூடையோடு வரும் பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். சிரிக்கச் சொல்லிக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் பாதம் இன்றும் மழைக்கு வெடிக்கிறது, கண்ணில் எப்போதும் நீர் வடிகிறது. வேலையில்லாத மழை மாதங்களுக்கு என்று அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அம்மா காலத்தில் அதுவும் இல்லை, கடன்தான். பேச ஆசையென்றால் வேலை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் பேசுங்கள், நன்றாகவே பேசுவார்கள்.

கச்சான்:

எழுதாதது என் தப்புதான் தாயி. தினமும் தாண்டிப் போவதால் கண்ணில் படுவதில்லை.

எழும்பூர்ப் பயணி:

நன்றி. மக்ரூன் விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சித்தியின் மேல் மிகவும் இரக்கப்பட்டார். கொடியேற்றத்துக்கே வருவது என்று முடிவாகிவிட்டது, அறையும் கிடைத்தது. இனி மூன்றாவது நாள் மட்டும் பாக்கி. திருச்செந்தூர் வேண்டாம், பலமுறை போய்விட்டோம். மணப்பாடா, கொற்கையா?

கச்சான்:

மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் மணல்மேட்டின் மேல் இருக்கிறது. கடல் மூன்று பக்கமும் தெரியும், அழகுக்கு அதுதான், ஆனால் ஏற வேண்டும். முழங்காலை யோசியுங்கள். கொற்கைக்குப் போனால் கடலைத் தேடாதீர்கள். பாண்டியர் துறைமுகம் அது. தாமிரபரணி வண்டல் கொட்டிக் கொட்டிக் கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது, இப்போது அங்கே வயலும் குளமும்தான். முதல் முறை என் பேரனை அழைத்துப்போனபோது, கப்பல் எங்கே தாத்தா என்று வாழைத் தோப்பைப் பார்த்துக் கேட்டான். அந்த இடத்தில் நின்றால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும், உங்களுக்குச் சலிப்பாகவும் இருக்கலாம். காரை அப்படியே ஆதிச்சநல்லூருக்கு விடுங்கள். அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடி போட்டு முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள், 2023இல் திறந்தது. அம்மா நின்ற இடத்திலிருந்து குனிந்து பார்த்தால் போதும்.

திரும்பும்போது மக்ரூனை ரயில் ஏறும் அன்றைக்கு வாங்குங்கள், முந்தின நாள் வேண்டாம். கடற்காற்றில் திறந்து வைத்தால் பிசுபிசுத்துவிடும். பெட்டியைச் சூட்கேசுக்குள் திணித்துவிடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சென்னையில் மகள் வீட்டில் நான் திறந்தபோது உள்ளே இருந்தது மாவு.