கேற்றுக்கு வெளியே நின்று பழகியவர்கள்

கிளிநொச்சி, ஏழாம் ஆண்டு மாணவனின் தாய்:

பிள்ளையின் பள்ளிக்கூடத்தோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம் நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். முதலில் நானே தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். ஊர் சின்னது, நாளைக்கும் அதே கேற்றால்தான் பிள்ளைகள் போக வேண்டும்.

எங்களுடையது பதினோராம் ஆண்டு வரை உள்ள பள்ளிக்கூடம். ஏ9 வீதியிலிருந்து உள்ளே எட்டுக் கிலோமீற்றர். மாரிக்கு முன்னம் சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு போவேன். வாணி விழாவுக்கு அவலும் கடலையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் இல்லம் சோடிக்கத் தென்னோலை வெட்டிக்கொண்டு போவேன். ஆனால் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்க ஒருநாளும் போனதில்லை. அவர்களாகக் கூப்பிட்டால் ஒன்றில் காசு, இல்லையென்றால் முறைப்பாடு. இரண்டுக்கும் முகம் கொடுக்க எனக்கு வெட்கம்.

இன்னொன்றும் உண்டு. கூட்டம் எப்போதும் வேலை நாளில் காலை பத்து மணிக்குத்தான் வைப்பார்கள். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடிய ஐந்தரைக்குச் சந்தியில் பஸ் பிடிக்க வேண்டும். ஒருநாள் நின்றால் அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு போய்விடும். கூட்டத்துக்கு வராதவர்கள் பட்டியலில் என் மகனின் பெயர் எப்போதும் இருக்கும்.

போன வருடம் வகுப்பாசிரியை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டார். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி, வேலை உடுப்போடு வந்தாலும் பரவாயில்லை என்று. போனேன். மங்கல விளக்கு இல்லை, வரவேற்புரை இல்லை. ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையின் கதிரையில் இருக்கச் சொன்னார். மேசையில் அந்தப் பிள்ளையின் கொப்பிகள் எல்லாம் அடுக்கியிருந்தன. "அரை மணித்தியாலம் பாருங்கோ, பிறகு கதைப்பம்" என்றுவிட்டு அவர் பின்னுக்குப் போய் நின்றுகொண்டார்.

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மம்மா. பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்ப்பவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு தாளாகத் தடவித் தடவிப் புரட்டினார். கடைசியில், "ரீச்சர், இது ஏன் இடைக்கிடை வெள்ளையாக் கிடக்கு?" என்று கேட்டார். ரீச்சர் வந்து திகதிகளைப் பார்த்தார். எல்லாம் புதன்கிழமை. அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புதன் எண்டா எனக்குச் சந்தை, பிள்ளை. கீரை கொண்டு போகோணும். சின்னவனை ஆர் பாக்கிறது?" என்றார். வரவு இடாப்பில் அந்தப் புதன்கிழமைகள் வருடக்கணக்காக இருந்திருக்கின்றன. ஒருவரும் அவற்றை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கவில்லை. வாசிக்கத் தெரியாத கிழவிதான் கண்டுபிடித்தார். பக்கத்து ஒழுங்கைத் தாய் ஒருத்தி புதன்களில் சின்னவனைத் தன்னிடம் விடச் சொன்னாள். அதற்குப் பெரிய பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை.

என் மகனின் கணிதக் கொப்பி முழுக்கச் சரி அடையாளம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் விடை இருக்கிறது, செய்கை இல்லை. பின்னம் கூட்டும்போது நடுவில் ஒரு படி எழுத வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் 2008 டிசம்பரில், பதினோராம் ஆண்டு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். யுத்தத்து இடம்பெயர்வோடு அது போய்விட்டது. ஆனாலும் பலகையைப் பார்த்துக் கொப்பியடித்ததைக் கண்டுபிடிக்க அந்தப் படிப்பே போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் ஆசிரியை:

அக்கா, நான் மேசைக்கு மறுபக்கத்தில் நிற்பவள். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வன்னிக்கு வந்த முதல் வருடம் ஓய்வறையில் நாங்கள் அதிகம் சொன்ன வசனம், "இந்தப் பெற்றோருக்கு அக்கறை இல்லை." தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் இருக்கும் இடத்தில் அக்காமார் வைத்த கையெழுத்து. கூட்டத்துக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டால் ஒன்பது பேர்.

ஒரு பிள்ளை இரண்டு கிழமை வராததால் வீட்டுக்குப் போனேன். காலபோக அரிவி வெட்டுக் காலம். வீட்டில் பெரியவர்கள் இல்லை. பாதிச் சுவர், மேலே தகரம். கூரை வளையில் ஓர் உரப்பை கட்டித் தொங்கியது. நெல் விதையாக்கும் என்று நினைத்தேன். பிள்ளை கதிரையில் ஏறி அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே முதலாம் ஆண்டிலிருந்து அவளுடைய கொப்பிகள் எல்லாம். கறையானுக்கும் ஒழுக்குக்கும் பயந்து அப்பா கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அந்த அப்பா ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அதற்குப் பிறகு அந்த வசனம் என் வாயால் வருவதில்லை.

பெறுபேறு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாதிரிப் பள்ளிக்கூடங்களைச் சாதாரண தரச் சித்தி வீதத்தை வைத்துத்தான் நல்லது, கூடாதது என்கிறார்கள். உயர்தரத்துக்குப் போக ஒன்பது பாடத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தியடைய வேண்டும், அதில் குறைந்தது மூன்று பாடம் திறமைச் சித்தியாக (C அல்லது அதற்கு மேல்) இருக்க வேண்டும். சரி. ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அடுத்த மாதம் என்ன நடக்கிறது? வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளை நகரத்துப் பாடசாலைக்குப் போகிறது. தாண்டாவிட்டாலும் வான் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை பின்னாலேயே போகிறது. ஆறாம் ஆண்டு தொடங்கும்போது எங்களிடம் மிச்சம் இருப்பவர்களில் சிலருக்குக் கடன் வாங்கிக் கழித்தலே வராது. ஆறு வருடத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளின் வீதத்தையும் நகரத்தின் வீதத்தையும் ஒரே தாளில் போட்டு ஒப்பிடுவார்கள். அண்மையில் உள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்று 2016இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். எங்களுக்குப் பெயர்ப் பலகையை விடப் பிள்ளைகள்தான் தேவைப்பட்டார்கள்.

அதே 2016இல் கட்டாயக் கல்வி வயதையும் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். பத்தாம் ஆண்டுப் பையன் மண் ஏற்றுகிற உழவு இயந்திரத்தில் போவதைப் பார்த்தால், அவனுக்கு அந்தச் சட்டத்தை யார் சொன்னது என்று தோன்றும். எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிய இடமாற்றப் படிவம் நிரப்பாத ஆசிரியர் குறைவு. நானும் நிரப்பி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

முல்லைத்தீவு, இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன்:

கொப்பி பார்க்கிறது நல்ல விசயம்தான். ஆனால் கணிதத்துக்கு ரீச்சரே இல்லாத பள்ளிக்கூடத்தில் எந்தக் கொப்பியைப் பார்ப்பது? எங்களுக்கு இரண்டு தவணை கணித ஆசிரியர் இல்லை. அலுவலகத்துக்கு ஐந்து தரம் போனோம். ஒவ்வொரு தரமும் கடிதம் வாங்கி வைத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

கடைசியில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்து, உயர்தரத்தில் கணிதம் செய்த ஊர்ப் பிள்ளை ஒன்றைத் தொண்டராகப் பிடித்தோம். குடும்பத்துக்கு மாதம் இருநூறு ரூபாய். 1945இலிருந்து இலவசக் கல்வி, 1980இலிருந்து இலவசப் புத்தகம், 1993இலிருந்து சீருடைத் துணி என்று மகளின் பொதுஅறிவுக் கொப்பியில் இருக்கிறது. ரீச்சருக்கு இருநூறு என்று அதில் இல்லை. கொடுக்க முடியாத வீடுகளும் இருந்தன. அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கக்கூடாது என்று நான் எழும்பிச் சொன்னேன். அன்றைக்கு நாலு பேர் என்னோடு முகம் கொடுக்கவில்லை. பரவாயில்லை.

இடையில் வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவர் காசு அனுப்பினார். தாயாரின் நினைவாக வாசலில் வளைவு கட்ட. ரீச்சர் ஒரு ஆளுக்குச் சம்பளம் தாருங்கோ என்று கேட்டோம். வளைவு என்றால்தான் தருவாராம். இப்போது வளைவு நிற்கிறது. அதற்குள்ளால் லொறியே போகலாம். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கு மட்டும் இன்னும் கொண்டி இல்லை. அந்தக் கொண்டியை நாங்கள் நாலு தகப்பன்மார் போன மாதம் வாங்கி வைத்திருக்கிறோம், வருகிற சனி பூட்டுவோம்.

வவுனியா வடக்கு, பழைய மாணவன்:

நான் 2009இல் வவுனியா மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஆறாம் ஆண்டு. தறப்பாள் கொட்டகை, நிலத்தில் இருந்து படிப்பு, பதினொரு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாத வெக்கை. பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குள் போவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்க்க அதுதான் ஞாபகம் வந்தது. முகாமை விட்டு வெளியே போக முடியாது, தொழில் இல்லை, அதனால் தாய் தகப்பன்மார் கொட்டகையைச் சுற்றி நின்று பாடத்தைக் கேட்பார்கள். பிள்ளை பிழையாக வாசித்தால் வெளியிலிருந்து திருத்துவார்கள். ரீச்சரும் அதே முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர், ஆகவே ஒருவருக்கும் பயம் இல்லை. அந்தக் காலத்தை நல்லது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவனுக்கு அறைய வேண்டும். ஆனால் மீள்குடியேறிய பிறகு, அதே அம்மா என் பள்ளிக்கூடக் கேற்றுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கட்டடம் வந்தது, மதில் வந்தது, மதிலோடு அந்தப் பயமும் வந்தது.

கிளிநொச்சி, ஏழாம் ஆண்டு மாணவனின் தாய்:

தம்பி, உங்கள் அம்மாவின் செருப்பு என் கண்ணுக்குள் நிற்கிறது. நானும் கழற்றியிருக்கிறேன்.

முல்லைத்தீவு அண்ணை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ரீச்சர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் சங்கம் அந்தத் தொண்டர் பிள்ளையைப் பிடித்தது, நீங்கள் கேற்றுக்கு உள்ளே போய் எழும்பிக் கதைத்தபடியால்தானே. யாழ்ப்பாணத்து ரீச்சர், படிவத்தை அனுப்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போகும் நாளில் அந்த உரப்பை வீட்டுக்கு ஒருக்கால் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கோ.

எங்களிடம் இப்போது தவணைக்கு ஒரு சனிக்கிழமை என்று வைத்திருக்கிறோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போன முறை 31 பிள்ளைகளில் 19 பேருடைய வீட்டிலிருந்துதான் வந்தார்கள், அதில் தகப்பன்மார் நாலு பேர். ஒரு தகப்பன் சின்னக் கதிரையில் இருக்க, அது காலை விரித்துக்கொண்டு போனது. அவரே அடுத்த நாள் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து அந்த வகுப்பில் ஆடுகிற கதிரை எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தார். அம்மம்மா இரண்டு தரமும் வந்தார். பேத்தியின் கொப்பியில் புதன்கிழமைகளும் நிரம்பத் தொடங்கியிருக்கின்றன. எழுத்துத்தான் கோழி கிளறினது மாதிரி.

என் மகன் பின்னத்துக்குச் செய்கை எழுதுகிறான். வருகிற சனிக்கிழமை அடுத்த கூட்டம். நேற்று இரவு கொப்பிகளை எண்ணிப் பார்த்தேன், விஞ்ஞானத்தைக் காணவில்லை. கேட்டால் ரீச்சரிடம் என்கிறான். ரீச்சரிடம் கேட்டேன், தன்னிடம் இல்லையாம். அரிசி வாளிக்குள் பார்த்தாயிற்று, கோழிக் கூட்டுக்கு மேலேயும் பார்த்தாயிற்று. இனி அவனுடைய சைக்கிள் பையைத்தான் பார்க்க வேண்டும்.