அப்பாவின் தச்சுக் கருவிகளை ஆண்டு நினைவுக்குள் வேலைக்குத் தயார்செய்ய வழி?

கேள்வி: மேலவீதி
அப்பா தச்சர். அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு வருகிறது. பகலில் கூலி வேலை. மாலையில் ஊராருக்கு இறங்கிப்போன கதவு, ஆடும் கட்டில் சரிசெய்து கொடுப்பார், காசு வாங்க மாட்டார். எங்கள் ஒவ்வொருவர் உயரத்துக்கும் அளந்து படிப்பு மேசை செய்து தந்தவர். ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம், அவர் கருவிகளைக் கொண்டே பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சரிசெய்யுங்கள் என்கிறார் அம்மா. மர இழைப்புளி 3, உளி 8, கைவாள் 2, கொட்டாப்புளி 1 இருக்கின்றன. இரும்பெல்லாம் துரு. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: உளிச்சத்தம்
முதலில் எதையும் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு இழைப்புளியின் கட்டை, அலகு, ஆப்பு மூன்றையும் ஒரே நூலில் கட்டி எண் போடுங்கள். ஆப்பு அந்தந்தக் கட்டையின் வாய்க்கு ஏற்றுச் செதுக்கியது. மாறிவிட்டால் அலகு அதிரும், மரத்தில் வரிவரியாகத் தழும்பு விழும்.

மேல்துருவுக்கு மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, ஸ்டீல் உல்லால் துடைத்தால் போதும். கெட்டித் துருவுக்கு வெள்ளை வினிகர், 12 மணி நேரம். இரும்பு மட்டும் நனைய வேண்டும், பிடி நனையக் கூடாது. எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துக் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். கழுவாமல் விட்டால் சீக்கிரமே செம்மஞ்சள் துரு ஏறும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுக்கும்.

பிடிகளுக்கு உப்புத்தாள் போடாதீர்கள். அவர் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம் அது, அப்படியே இருக்கட்டும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஒரு பூச்சு பூசி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவையுங்கள்.

பதில்: தேக்குப்பலகை
மேலே சொன்னது சரி. ஆனால் காலக்கெடு இருக்கிறதே என்று உளிகளைச் சாணைக்கடையில் கொடுத்துவிடாதீர்கள். வேகச் சக்கரத்தில் முனை நீலமாக மாறினால் அந்த இடத்தில் இரும்பின் பதம் (கடினத்தன்மை) போய்விட்டது என்று அர்த்தம். பிறகு கூர் நிற்காது, நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து எறிய வேண்டியதுதான்.

கையால் தீட்டுங்கள். முதலில் உளியின் முதுகுப்பக்கம் (சரிவில்லாத தட்டைப் பக்கம்), முனையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் கல்லில் சமமாகப் படிய வேண்டும். இதை விட்டுவிட்டுச் சரிவை மட்டும் எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது. சரிவு 25 பாகை, நுனியில் மட்டும் 30. துளை அடிக்கும் தடித்த உளிக்கு 35 வரை போகலாம், மெல்லிய சரிவாக வைத்தால் அடிதாங்காமல் முனை பொரியும். முதுகில் விரலை வைத்துப் பார்த்தால் முழு அகலத்துக்கும் பிசிறு தட்டுப்பட வேண்டும். பிறகுதான் அடுத்த நைசான கல்லுக்கு மாறலாம்.

இழைப்புளியின் அடிப்பாகத்தைக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் சமப்படுத்தும்போது, அலகை உள்ளே இழுத்துக்கொண்டு ஆப்பை இறுக்கியே வையுங்கள். ஆப்பு இறுகும்போது கட்டை லேசாக வளையும். தளர்த்திவைத்துச் சமப்படுத்தினால் மாட்டியதும் மறுபடி கோணல்.

பதில்: நாலுமுழம்
பெஞ்ச் வேலையில் எல்லோரும் செய்யும் தப்பு, ஆடும் இணைப்பில் ஆணி அடிப்பது. கொஞ்ச நாள் நிற்கும், பிறகு கழுந்தே (துளைக்குள் நுழையும் மரமுனை) பிளந்துவிடும். இணைப்பைக் கழற்றுங்கள். பழைய ஃபெவிகால் மேல் புதியது பிடிக்காது. சூடான வினிகர் தடவி ஊறவிட்டு உளியால் சுரண்டுங்கள், மரம் கண்ணில் தெரிய வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, கழுந்து லொடலொடத்தால் இழைப்புளிச் சீவலைப் பக்கவாட்டில் ஒட்டிப் பருமன் கூட்டுங்கள். கையால் தள்ளிப் பாதி போய், கொட்டாப்புளியால் மீதி இறங்கினால் அளவு சரி.

கிளாம்ப் இல்லாவிட்டால் கயிறு சுற்றிக் குச்சியால் முறுக்குங்கள். பசை காயும் முன் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்துவிடுங்கள். 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஒட்டினால் திங்கட்கிழமைக்குள் இறுகிவிடும். வராந்தாவில் மழைபடும் பெஞ்சுக்கு மட்டும் ஃபெவிகால் மரைன் (ஈரம் தாங்கும் பசை).

மேலவீதி
நன்றி. பரணில் அவர் நடைவண்டிக்கு வைத்திருந்த மாதிரிப் பலகைகள் கிடைத்தன. பென்சிலில் "9 அங். 3 நூ." போல எழுத்து. பால்வாடிக்கு ஒன்று செய்து கொடுக்கலாமா?

பதில்: உளிச்சத்தம்
கட்டாயம் செய்யுங்கள். 8 நூல் ஓர் அங்குலம், ஆக அது 238 மி.மீ. பழைய பலகை அகலவாக்கில் சுருங்கியிருக்கும், விளிம்பை விட அவர் எழுதிய அளவையே நம்புங்கள். எழுத்தோடு படம் எடுத்துவிட்டு, 4 மி.மீ. பிளைவுட்டில் நகல் வெட்டி அதைக் கொண்டு வேலை செய்யுங்கள்.

கைப்பிடி பின் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போனால் குழந்தை சாய்ந்ததும் வண்டி மல்லாக்கக் கவிழும். சக்கரத் துளை அச்சைவிட 1 மி.மீ. பெரிது, உராய்வுக்கு மெழுகுவர்த்தி தேயுங்கள். குழந்தை வாயில் வைக்கும், அதனால் பெயின்ட் வேண்டாம், தேன்மெழுகு போதும்.

பதில்: தேக்குப்பலகை
வேலை முடிந்ததும் கருவிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். தொழில் பழகும் ஒரே ஆளுக்கு முழுப் பெட்டியாகக் கொடுங்கள், கூடவே எண்ணெய்க்கல்லும் வாள் தீட்டும் முக்கோண அரமும். அம்மாவுக்கு விருப்பமான ஒரு கருவியை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் பூச வேண்டும்.