மசூரி, லண்டூர்: எந்த முனையில் இறங்குவது?

மலைநடை:
உத்தராகண்ட் மலை ஊரான மசூரியில் அறை பதிவு செய்யுமுன் அது லைப்ரரி பக்கமா, பிக்சர் பேலஸ் பக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே மால் ரோடு சுமார் 2 கி.மீ. டேராடூன் பஸ்களும் சில இந்த முனைக்கு, சில அந்த முனைக்கு என்று போகும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். சீசன் மாலைகளில் மால் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள் என்பதால், மாறி இறங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டியதுதான்.

டெல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் டேராடூன் ஐ.எஸ்.பி.டி.யில் (வெளியூர்ப் பஸ் நிலையம்) இறங்கி, மசூரி பஸ்ஸையும் அங்கேயே தேடுவார்கள். அது கிளம்புவது ரயில் நிலையத்தை ஒட்டிய பஸ் ஸ்டாண்டிலிருந்து. நடுவே ஆட்டோ பிடிக்கும் தூரம். அந்த வகையில் டெல்லியிலிருந்து இரவு ரயில் வசதி: இறங்கியதும் பஸ் பக்கத்திலேயே. மேலே 35 கி.மீ., ஒன்றரை மணி நேரம். சுமார் 640 மீட்டரிலிருந்து 2,000 மீட்டருக்கு வளைந்து வளைந்து ஏறுவதால் குமட்டும். வயிறு நிறையச் சாப்பிடாமல், முன் இருக்கையில் உட்காருங்கள்.

தேவதாரு:
ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கெம்ப்டி அருவியை விட்டுவிட்டு, மசூரிக்கு மேலே இருக்கும் லண்டூருக்கு ஏறுங்கள் என்பேன். நோயுற்ற ஆங்கிலப் படைவீரர்கள் உடம்பு தேறுவதற்காக 1827-இல் அமைத்த இடம் அது. இன்றும் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) என்பதால் கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடு உண்டு. தேவதாரு மரங்கள் பிழைத்து நிற்பது அதனால்தான்.

பிக்சர் பேலஸிலிருந்து மணிக்கூண்டு வழியாக, லண்டூர் பஜாரைக் கடந்து சார் துகானுக்கு (நாலு கடை என்று அர்த்தம்) நடந்தே போகலாம். மூச்சு வாங்கும் ஏற்றம். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கார் வேண்டாம். பாதை அவ்வளவு குறுகல். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும், வார இறுதியில் மொத்தமும் அடைத்துக்கொள்ளும். மேலே சேர்ந்தபின் லால் டிப்பா, சிஸ்டர்ஸ் பஜார் வழியாகச் சுற்றிவரும் 'சக்கர்' பாதை பெரும்பாலும் சமதளம்தான்.

குளிர்காற்று:
பனிமலை பார்க்க மே, ஜூனில் போனால் ஏமாற்றமே மிஞ்சும். சமவெளித் தூசியும் காட்டுத்தீப் புகையும் தொடுவானத்தை மறைத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மூடுபனி, மண்சரிவு, அட்டை. மழை கழுவிவிட்ட அக்டோபர், நவம்பர்தான் சரி, அதுவும் விடிந்த உடனே. பந்தர்பூஞ்ச் சிகரம் (6,316 மீ.) லால் டிப்பாவிலிருந்து துல்லியமாகத் தெரியும், வெயில் ஏற ஏற மேகம் வந்து மூடிவிடும். அந்த மாதங்களில் சூரியன் மறைந்தபின் மேற்கே பாருங்கள்: உண்மையான தொடுவானத்துக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு கோடு. 'விண்டர்லைன்' என்பது அதுதான்.

சர்வே சங்கிலி:
பலரும் கேட்பது: ஹாத்திபாவ் பக்கம் ஜார்ஜ் எவரெஸ்ட் வீட்டிலிருந்து எவரெஸ்ட் தெரியுமா? தெரியாது, சிகரம் கிழக்கே வெகுதூரத்தில், நேபாள எல்லையில் இருக்கிறது. ஜார்ஜ் எவரெஸ்ட் 1843 வரை இந்திய சர்வேயர் ஜெனரல் (நில அளவைத் தலைவர்). அவர் பெயரைச் சிகரத்துக்கு வைத்தது அதற்குப் பிறகுதான். ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையை (நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பது) இமயம்வரை கொண்டுவந்து சேர்த்தவர் அவர். நம் ஊர்க்காரர்கள் அங்கே நிற்கும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வீடு லைப்ரரி முனையிலிருந்து சுமார் 6 கி.மீ.; கடைசிப் பகுதி செங்குத்து. தண்ணீர் கையோடு கொண்டு போங்கள்.

குளிர்காற்று:
ஒன்று விட்டுப்போச்சு. டிசம்பர், ஜனவரியில் தங்குவதானால் வாடகையில் ஹீட்டர் அடக்கமா என்று முன்பே கேளுங்கள்; பல இடங்களில் தனிக் கட்டணம். கரி கனலும் அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கைகாய்ந்து முடிந்ததும் அதை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள்.