டவுனிங் ஸ்ட்ரீட் எப்படி மறுக்கும்? மெட்டஃபரா, மெட்டானிமியா?

பச்சைமிளகாய்:
ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்காக பிரிட்டிஷ் செய்திகள் படிக்கிறேன். "டவுனிங் ஸ்ட்ரீட் மறுத்தது", "பவுண்டு விழுந்தது", "ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்" என்றெல்லாம் வருகிறது. சொல்ல வருவது புரிகிறது, ஆனால் எது மெட்டஃபர், எது மெட்டானிமி, எது சினெக்டகி என்று கேட்டால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. கோச்சிங்கில் கொடுத்த பட்டியலில் இல்லாத வாக்கியம் வந்தால் அவ்வளவுதான். பார்த்தவுடன் பிரிக்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பட்டியலை விடுங்கள். நடுவில் "லைக்" போட்டுப் பாருங்கள். "ஷி இஸ் எ டைகர்" என்பதை "லைக் எ டைகர்" என்று மாற்றினாலும் பொருள் நிற்கிறது, ஆக அது ஒப்புமை, மெட்டஃபர். டவுனிங் ஸ்ட்ரீட்டில் அப்படிப் போட முடியாது. பிரதமர் அந்தத் தெரு மாதிரி இருக்கிறார் என்றா சொல்கிறார்கள்? அங்கே 10ஆம் எண் வீட்டில் அவர் அலுவலகம் இருக்கிறது, அந்தத் தொடர்பை வைத்துத்தான் பெயர். அது மெட்டானிமி. பள்ளியில் படித்த இடவாகுபெயரேதான். 1970இல் அப்போலோ 13 வீரர்கள் "ஹூஸ்டன்" என்று கூப்பிட்டது ஊரையா, அங்கிருந்த நாசா கட்டுப்பாட்டு மையத்தைத்தானே! ஹேண்ட்ஸ் என்றால் மாலுமிகள், உறுப்பைச் சொல்லி ஆளைக் குறிப்பது, அது சினெக்டகி. நம் "தலைக்கு நூறு ரூபாய்" போல.

இரவுப்பறவை:
வாத்தியார் ஐயா சொன்ன சோதனை பெயர்ச்சொல்லுக்குச் சரி, பவுண்டு விழுந்ததற்கு உதவாது. அங்கே "லைக்" போட இடமில்லை, ஆனாலும் அது மெட்டஃபர்தான், வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. மதிப்பு என்பது மேசையிலிருந்து விழுகிற பொருளா என்ன? மொழியியலாளர் லேக்காஃப், தத்துவ ஆய்வாளர் ஜான்சன் இருவரும் 1980இல் எழுதிய புத்தகம் முழுக்க இந்த விஷயம்தான்: ஆங்கிலத்தில் அதிகம் என்றால் மேலே, குறைவு என்றால் கீழே, அதனால் விலை ஏறும், பவுண்டு விழும். நேரத்தைப் பணமாக நினைப்பதால் ஸ்பெண்ட், சேவ், வேஸ்ட் எல்லாம் நேரத்துக்கும் வருகிறது. பேசுகிறவர்களே கவனிப்பதில்லை. அதனால் வினையைத் தனியாக எடுத்து, இந்தப் பொருளால் நிஜமாகவே இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

பச்சைமிளகாய்:
இது நன்றாகப் பிடிபடுகிறது. அப்புறம் "எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம்" மாதிரி வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்கியத்தில் வித்தியாசமாக எதுவுமே இல்லையே.

சில்வர் டம்ளர்:
இருக்காது, அதுதான் தொல்லை. அண்டர்ஸ்டேட்மென்ட்டை, அதாவது பெரிய விஷயத்தைக் குறைத்துச் சொல்வதை, சூழ்நிலைதான் காட்டிக்கொடுக்கும். 1982இல் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கு அருகே பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஒன்று எரிமலைச் சாம்பலுக்குள் போய் நான்கு இன்ஜினும் நின்றுவிட்டது. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன என்று அறிவித்தார்! (இன்ஜின்கள் திரும்ப ஓடி, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.) "சின்ன" என்பதை மட்டும் படித்தால் அதில் அணியே கிடையாது, நான்கு இன்ஜின் என்று அடுத்து வரும்போதுதான் தெரியும். "ஐ லிட்டரலி டைட்" (நிஜமாகவே செத்தேன்) இதற்கு நேர் எதிர், மிகைப்படுத்தல், சொன்னவர் உயிரோடு முன்னால் நிற்பதே போதும். தேர்வுப் பத்தியில் இந்த வகை வந்தால் முன்னும் பின்னும் ரெண்டு வரி படிக்காமல் டிக் அடிக்காதீர்கள்.