கார்பன் மோனாக்சைடு நிறமாலையில் ஒரு பள்ளம்: காரணம் எது?

வணக்கம் நண்பர்களே. பெருநிறை விண்மீன்கள் பிறக்கும் ஒரு மேகத்தின் பழைய ரேடியோ தரவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு வாயு 115.27 கிகாஹெர்ட்ஸில் உமிழும் நிறமாலைக் கோட்டில் இரண்டு முகடுகள், நடுவில் பள்ளம். நீலப்பக்க முகடு (நம்மை நோக்கி வரும் வாயுவின் பக்கம்) சற்று உயரம்.

ஒரே பார்வைக்கோட்டில் இரண்டு மேகங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் 109.78 கிகாஹெர்ட்ஸில் வரும் ஆக்சிஜன்-18 வகையை (கனமான ஆக்சிஜன் கொண்ட, அரிதான கார்பன் மோனாக்சைடு; அதனால் உட்கவர்தல் குறைவு) பார்த்தால், பள்ளம் இருக்கும் அதே திசைவேகத்தில் ஒற்றை முகடு! சரி, முன்னால் இருக்கும் குளிர்ந்த வாயு உட்கவர்கிறது, மேகம் உள்நோக்கிச் சரிகிறது என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

ஆனால் சில இடங்களில் பள்ளம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது. அங்கேதான் இடிக்கிறது. பால்வீதித் தளத்தில் வாயு இல்லாத வெற்றிடம் கிடைப்பதே அபூர்வம். பின்னணியைக் கழிப்பதற்காக, வாயு இல்லை என்று நம்பிப் பார்த்த ஒப்பீட்டுத் திசையிலும் வாயு இருந்து, அதுவும் சேர்ந்து கழிபட்டிருக்குமோ? வரைபடத்தில் பாதி இடங்களில் பள்ளம் ஒரே திசைவேகம், ஒரே ஆழம். சந்தேகம் வலுக்கிறது.

ஒப்பீட்டுத் திசையின் தனி நிறமாலை கையில் இல்லை. இதைச் சரிசெய்ய வழி உண்டா? அல்லது இந்தக் கோட்டை விட்டுவிட்டு, அடர்ந்த வாயுவைக் காட்டும் 89.19 கிகாஹெர்ட்ஸ் ஃபார்மைல் அயனிக் (HCO⁺) கோட்டை நம்புவதே மேலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.